மூன்றில் ஒரு பங்கு

சுவரில் பாதித் துளை.
நாலு சென்டிமீட்டர் போனதும்
ஒரு நீலப் பொறி, ரப்பர் கருகிய மணம்,
பிறகு ஒன்றுமில்லை.
விசையை அழுத்தினால்
விரலுக்குத்தான் வலித்தது.

பிளக்கை வேறிடத்தில் குத்தினேன்.
முதுகில் ஒருமுறை தட்டியும் பார்த்தேன்,
புரைக்கேறிய பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி.

இந்தத் துளைக்கிற மெசின் என்னுடையது மட்டுமில்லை.
பதின்மூன்று வருஷத்துக்கு முன்
மூன்று வீடு சேர்ந்து வாங்கினோம்.
சொரூபன் அறுபது, தயாபரி அறுபது, நான் அறுபது.
மிச்ச இரண்டு பிராங்க் யார் போட்டது என்பதில்
இன்றுவரை மூன்று கருத்து.
யார் கையில் பழுதாகிறதோ அவர் பொறுப்பு என்று
அன்று ஒருவரும் சொல்லவில்லை.
பழுதாகும் என்றே ஒருவரும் சொல்லவில்லை.

சொரூபன் இப்போது லெஸ்டரில்.
"எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கக்கா" என்றான்,
அங்கிருந்து இனி ஒரு துளையும் போட முடியாதவன்.
தயாபரி கேட்டாள்:
"என்ர மூன்றில் ஒன்றைக்
கழற்றி வச்சிட்டோ எறியப்போறாய்?"

பீல் நகரத்துக் கடையில்
பையன் டொச்சில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்தான்.
இந்த ஊர் அப்படித்தான்.
விலை மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்று:
திறந்து பார்க்கவே நாற்பத்தைந்து,
திருத்தினாலும் திருத்தாவிட்டாலும்.
திருத்தினால் நூற்றுப்பத்து.
பக்கத்துத் தட்டைக் காட்டினான்,
புதியது நூற்றுமுப்பத்தொன்பது, பெட்டியோடு.
கட்டாது மேடம்.
அவன் சொன்ன சொல் வேறு,
என் காதில் விழுந்தது இதுதான்.

போன மாதம் என் முழங்காலுக்கு
டாக்டர் நேர்மாறாகச் சொன்னார்.
மாற்றுகிற கதையே வேண்டாம்,
இருக்கிறதை வைத்துச் சமாளியுங்கள்.

ஞாயிறு துளையிடக் கூடாத நாள்.
திறந்து பார்க்கக் கூடாது என்று
படிக்கட்டு அறிவிப்பில் எங்கும் இல்லை.
எட்டுத் திருகாணி, நட்சத்திரத் தலை.
அதற்குத் தனித் திருப்புளி, பதினாலு பிராங்க்.
சனிக்கிழமை அதே கடையிலேயே வாங்கியிருந்தேன்,
அப்படியென்றால்
சனிக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன் போல.
ஒன்பதாவது ஆணி
உத்தரவாத ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருந்தது.
கிழித்தால் செல்லாதாம்.
செல்லாமல் போய்ப் பத்து வருஷம்.

உள்ளே முழுக்கத் தூள்.
சிவப்பு, சொரூபன் விட்டுப்போன நிலவறை.
வெள்ளை, நான் இருந்த மூன்று வாடகைச் சுவர்களும்.
நடுவில் மஞ்சளாய்க் கொஞ்சம் மரத்தூள்.
தயாபரி,
இந்த மெசினை மரத்தில் போடாதே என்று
சொன்னேனா இல்லையா?

பழைய பல்துலக்கியால் தட்டத் தட்ட
இரண்டு கரித்துண்டு வெளியே வந்தன.
ஒன்று தேய்ந்து
சுண்டுவிரல் நகமளவு.
இவ்வளவுதான்.
புதுச் சோடி ஏழு எண்பது.
தபாற்செலவு ஒன்பது.
சுண்டைக்காய் கால் பணம் என்று சொன்னவர்
இந்த நாட்டில்தான் எங்கோ
தபாலில் எடுப்பித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. போட்டேன். மூடினேன்.
மேசையில் ஒரு ஸ்பிரிங் மிச்சம்.

சனி, பதினொன்று ஐம்பது.
பன்னிரண்டுக்குக் கட்டடம் அமைதியாக வேண்டும்.
அழுத்தினேன்.
ஒரு செருமல்.
பிறகு அதே பழைய கத்தல்,
அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் கிணுகிணுக்க.
கீழ்வீட்டு மதாம் ஷப்புவி
தும்புத்தடியால் தன் கூரையை இடித்தபோது
பதினொன்று ஐம்பத்தெட்டு.
இரண்டு நிமிஷ நியாயம் என் பக்கம் இருந்தது,
அதையும் துளைத்தே முடித்தேன்.

இருவருக்கும் கணக்கு அனுப்பினேன்.
பதினாறு எண்பது, தலைக்கு ஐந்து அறுபது.
திருப்புளியைச் சேர்க்கவில்லை.
அது எனக்கு மட்டும்.
சொரூபன் கட்டைவிரல் காட்டினான்,
காசு காட்டவில்லை.
தயாபரி வருகிற ஞாயிறு
மெசினை எடுக்க வருகிறாளாம்.
என்னத்துக்கு என்று கேட்டதற்குப் பதிலில்லை.

திரைச்சீலை தொங்குகிறது,
இடப்பக்கம் ஒரு விரல் கீழே.
அதற்கு மெசினைக் குறை சொல்லக் கூடாது.